பத்துமலையில் பாறையையும் பாருங்கள்

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பத்துமலையின் சுண்ணாம்புக் குகைகளைக் காட்டணும். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, செந்தூல்

பதில்: கொமியூட்டர் ரயில் மலையடிவாரத்திலேயே நிற்கும். காலையிலேயே போய்விடுங்கள், வெயிலில் 272 படி ஏறுவது பிள்ளைகளுக்குச் சிரமம். சிலிப்பர் வேண்டாம், மேலே ஈரத் தரை வழுக்கும். பிளாஸ்டிக் பையைக் கண்டால் குரங்கு விடாது.

குகைக்கூரையில் சொட்டும் நீரைத்தான் முதலில் காட்டுங்கள். மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. குகைக்குள் அந்த வாயு பிரிந்ததும் சுண்ணாம்பு படிந்து விழுதாகத் தொங்குகிறது. தொடவே கூடாது: கைப்பிசுக்கு பட்ட இடத்தில் படிவு சரியாக ஒட்டாது.

படியேறும்போது இடப்பக்கம் இருண்ட குகை. வளைவாயில் கதவுபோல மூடி வைத்து வாழும் அரிய பொறிக்கதவுச் சிலந்தியின் வீடு அது, 2019-இல் மூடினார்கள். திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டே பிள்ளைகளுக்கு ஆசை காட்டுங்கள்!