சர்ச்சில் 1908-இல் ஏன் இரண்டு தடவை தேர்தலில் நின்றார்?

வின்ஸ்டன் சர்ச்சில் நின்ற தேர்தல்களை நீங்கள் பட்டியலிட்ட அட்டவணையில் அவருக்கு 1908-இல் இரண்டு இடைத்தேர்தல் வருவது பிழையில்லை, அழித்துவிடாதீர்கள். அப்போதெல்லாம் பிரிட்டனில் எம்.பி. ஒருவர் அமைச்சரானால் இருந்த இடத்தை விட்டுவிட்டு அதே தொகுதியில் மறுபடி ஓட்டுக் கேட்டு வர வேண்டும். வர்த்தக வாரியத் தலைவர் (அது ஓர் அமைச்சர் பதவி) ஆனதும் மான்செஸ்டர் வடமேற்கில் அப்படி நின்று தோற்றார், சில வாரத்திலேயே டண்டியில் ஜெயித்தார். 1917 டண்டி இடைத்தேர்தலும் இதே விதியால் வந்ததுதான், அதையும் சேருங்கள்.

அப்புறம், அவர் தோற்றது நீங்கள் போட்டதுபோல் மூன்று தடவை இல்லை, ஐந்து: 1899 ஓல்டம், 1908 மான்செஸ்டர், 1922 டண்டி, 1923 லெஸ்டர் மேற்கு, 1924 மார்ச்சில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே. கடைசியில் சொன்னது வெறும் 43 ஓட்டில் போனது, பாவம். அதில் அவர் கன்சர்வேட்டிவ் வேட்பாளரை எதிர்த்தே நின்றார், எனவே அட்டவணையின் கட்சிக் கட்டத்தில் கன்சர்வேட்டிவ் என்று போடாதீர்கள். அதே ஆண்டு அக்டோபரில் எப்பிங்கில் ஜெயித்த பிறகு 1964 வரை தோல்வியே கிடையாது. 1945 முதல் அவர் தொகுதி உட்ஃபோர்ட், எப்பிங்கைப் பிரித்து உருவாக்கியது.