தாய்ப்பத்திரம் படிக்கத் தெரிந்த தரகர்

கேள்வி: மதுரை கே.கே. நகரில் 14 ஆண்டுகளாக வீடு, மனைத் தரகு செய்கிறேன். அண்மைக் காலமாகக் கோடிக்கு மேல் விலை போகும் பங்களாக்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். வாங்க வருபவர்கள் இணையத்திலேயே வீட்டைப் பார்த்துவிட்டு, "இரண்டு சதவீதக் கமிஷன் எதற்கு?" என்று கேட்கிறார்கள். இப்போது சொக்கிகுளத்தில் ஒரு பழைய பங்களா என் கையில் இருக்கிறது. மூத்த மகன் விற்கிறார். நான் இல்லாமல் முடியாது என்ற நிலையை எப்படி உருவாக்குவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டு கோடி ரூபாய்க்குக் கிரயம் செய்பவர் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக ஒன்பது சதவீதம், அதாவது 18 லட்சம் ரூபாய் கட்டுகிறார். அதற்கு மேல் உங்களுக்கு நான்கு லட்சம் தரவேண்டுமென்றால், கதவைத் திறந்து காட்டியதற்கா என்றுதான் நினைப்பார். வீட்டைக் காட்டும் வேலையைக் கைபேசி எடுத்துக்கொண்டுவிட்டது. அதை மீட்க முயல வேண்டாம்.

கைபேசியில் தெரியாதது குடும்பம். சொத்தின் மீது நடந்த விற்பனை, அடமானங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிதழை யார் வேண்டுமானாலும் பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றாலும், அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதிவு செய்யாத உயிலும், பங்கு கேட்காமல் இருக்கும் மகளும் அதில் வரமாட்டார்கள். "சீர் செய்து அனுப்பிவிட்டோம், அவளுக்கு இதில் ஒன்றுமில்லை" என்று நம் ஊர்ப் பெரிய வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். தந்தை சுயமாகச் சம்பாதித்த வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலும் மத்திய அரசு 2005இலும் கொண்டுவந்தன. ஆகவே சொத்தின் பழைய மூல ஆவணமான தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய பட்டா வரை வரிசையாகப் படித்து, வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரையும் நேரிலோ தொலைபேசியிலோ சந்தித்து, யார் எங்கே கையெழுத்திடுவார் என்று எழுதி வைத்திருக்கும் தரகரை யாரும் தவிர்க்கமாட்டார்கள். சட்டக் கருத்து சொல்வது வழக்கறிஞரின் வேலை; அவர் மேசைக்குப் போகவேண்டிய தாள்களில் எது குறைகிறது என்பதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தமக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தந்து அங்கிருந்து எழுதி அனுப்பும் பவர் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அழகர்கோயில் சாலையில் தோப்போடு பண்ணை வீடு கேட்கும் சிங்கப்பூர்வாசிக்கு, வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். அன்று ஒரு கமிஷன் போகும். ஆனால் அவர் நகருக்குள் வீடு வாங்கும்போது வேறொருவரைத் தேடமாட்டார் என்பது என் கணிப்பு.

புதிய அடுக்ககத் திட்டங்களையும் விற்பதாக இருந்தால் ரெரா எனப்படும் வீடு, மனைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி முகவராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவில்லாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம் அபராதம் உண்டு. (விசிட்டிங் கார்டில் 'லக்சுரி' என்று தங்க எழுத்தில் அச்சடிப்பதைவிட அந்தப் பதிவெண்ணை அச்சடிப்பது மேல்.) கமிஷன் எவ்வளவு, எந்தெந்த வேலைக்கு என்பதை அட்வான்ஸ் கைமாறும் முன்பே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், பதிவு அலுவலக வாசலில் பேரம் பேசும் அவமானம் இருக்காது.

சொக்கிகுளம் வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதில் மூத்த மகன் மட்டுமே இருக்கிறார். அவருக்குச் சகோதரிகள் இருக்கிறார்களா என்று கேட்டீர்களா? இருந்தால், படமெடுக்க ஆள் அனுப்பும் முன் அவர்களோடு பேசிவிடுங்கள்.