வீட்டு மரவேலைக்கு எந்த நெயில் கன்: மின்சாரமா, காற்றா?

விசையை அழுத்தியதும் ஆணியை ஒரே அடியில் மரத்துக்குள் இறக்கும் கருவிதான் நெயில் கன். அந்த அடிக்கான சக்தி எங்கே உருவாகிறது என்பதில்தான் இரண்டு வகைக்கும் வேறுபாடு. காற்று வகைக்குக் கம்ப்ரசர் முன்கூட்டியே காற்றை அழுத்திச் சேர்த்து வைக்கிறது. பேட்டரியில் ஓடும் மின்சார வகையில் மோட்டார், பேட்டரி எல்லாம் கையில் பிடிக்கும் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். மாடித் தொட்டியை நிரப்பிவிட்டுக் குழாயைத் திறப்பதற்கும், ஒவ்வொரு குடத்துக்கும் பம்பு அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. அதனால்தான் காற்று வகை கைக்கு லேசாக இருக்கிறது, கடின மரத்திலும் சளைக்காமல் அடிக்கிறது.

சரி, வீட்டுக்கு எது? படச்சட்டம், பீடிங் (ஓரங்களில் அடிக்கும் மெல்லிய மரச்சட்டம்), சின்ன அலமாரி என்று எப்போதாவது செய்பவருக்கு 18 கேஜ் (ஆணியின் தடிமனைக் குறிக்கும் எண்; இது மெல்லிய ஆணி) பேட்டரி வகையே என் தேர்வு. இழுத்துத் திரிய ஹோஸ் இல்லை, கம்ப்ரசர் இரைச்சலும் இல்லை. நாள் முழுக்க ஆணி அடிப்பவர் காற்று வகைக்குப் போகலாம். எதுவானாலும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். ஆணி மரத்துக்குள் வளைந்து பக்கவாட்டில் வெளியே வரக்கூடும்.

காற்று வகைக்குப் பெரிய கம்ப்ரசர் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 18 கேஜ் ஆணிக்கு ஒரு அடிக்குச் செலவாகும் காற்று மிகக் குறைவு என்பதால் சிறிய கம்ப்ரசரே போதும்.