வர்ற கவரெல்லாம் பில்லு இல்லீங்க தம்பி

தம்பி, உங்க போஸ்ட்ல ஊரு பெருந்துறைன்னு போட்டிருந்ததப் பார்த்துட்டுத்தான் எழுதறேன், நமக்கு கோபிசெட்டிபாளையம் பக்கம். அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க வந்து நாலு மாசம், சைக்கிள்ல காலேஜ் போறப்ப ரைட்ல திரும்புன கார் இடிச்சு காறை எலும்பு போச்சு, ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனாங்க, இப்ப ஆறு கவர் வந்து கெடக்குது எதை மொதல்ல கட்டறது, எந்த ஹெல்மெட் நல்லது, பேசாம ஒரு பழைய கார் வாங்கிரலாமான்னு கேட்டிருக்கீங்க. ஹெல்மெட்டுக்கும் காருக்கும் யோசனை சொல்ல நம்மாளுங்க ஆயிரம் பேர் இருக்காங்க, அவங்களே சொல்லட்டும். அந்த ஆறு கவருக்கு மட்டும் நான் வர்றேன், 2008ல இங்க ஒஹாயோவுல கைல அடிபட்டு அதே மாதிரி கவரை சமையல் மேடை மேல பரப்பி வெச்சுக்கிட்டு விடிய விடிய முழிச்சவன் நானு.

மொதல்ல, எதையும் இன்னைக்கே கட்டிராதீங்க. ஆறு கவர்ல ரெண்டு மூணு உங்க இன்சூரன்ஸ்காரன் அனுப்புனதா இருக்கும், மேலயே "திஸ் இஸ் நாட் எ பில்"னு அச்சடிச்சிருப்பான், அதுக்குப் பேரு ஈஓபி, எக்ஸ்பிளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ், இன்சூரன்ஸ் எவ்வளவு கட்டுது, உங்க பங்கு எவ்வளவுன்னு சொல்ற கணக்குத் தாளு. நெசமான பில்லு ஆஸ்பத்திரிக்காரன், எமர்ஜென்சி டாக்டர், எக்ஸ்ரே படிச்சுச் சொன்ன டாக்டர், ஆம்புலன்ஸ்னு தனித்தனியா வரும். ஒரு எலும்புக்கு நாலு கடை. ஒவ்வொரு பில்லுக்கும் ஜோடியா ஒரு ஈஓபி வர்ற வரைக்கும் பொறுங்க. நம்ம அந்தியூர் சந்தையில தரகர் துண்டுக்குள்ள கைய விட்டு வெரலப் புடிச்சு வெல பேசுவாங்கல்ல, அதேதான் இங்கயும். ஆஸ்பத்திரிக்காரன் வெளிய கத்தறது ஒரு வெல, இன்சூரன்ஸ்காரன்கிட்ட துண்டுக்குள்ள முடிச்சது வேற வெல. அந்த முடிச்ச வெலையில டிடக்டிபிள் (மொதல்ல நீங்களே கட்ட வேண்டியது), கோஇன்சூரன்ஸ் (அதுக்கு மேல நீங்க கட்டற சதவீதம்)னு உங்க பங்கு எவ்வளவுன்னு ஈஓபில ஒரு வரி இருக்கும். பில்லுல அதுக்கு எச்சா ஒரு டாலர் இருந்தாலும் போன் பண்ணுங்க, எதெதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுப் போட்ட ஐட்டமைஸ்டு பில்லு குடுங்கன்னு கேளுங்க. எனக்குப் போடாத ஊசி ஒண்ணு போட்டதா எழுதியிருந்துச்சு, கேட்டதும் எடுத்துட்டாங்க.

இப்ப உங்களுக்கு ஒரு சவுகரியம் இருக்குது, 2022 ஜனவரியில இருந்து நோ சர்ப்ரைசஸ் சட்டம்னு ஒண்ணு அமலுக்கு வந்திருச்சு. எமர்ஜென்சில போனா அந்த டாக்டர் உங்க இன்சூரன்சோட ஒப்பந்தம் போட்ட நெட்வொர்க்குல இல்லாட்டியும், நெட்வொர்க் கணக்குப்படி உங்க பங்கு போக மிச்சப் பாக்கியை உங்க தலையில கட்டக்கூடாது. எங்க காலத்துல அதெல்லாம் இல்ல, மயக்க மருந்து குடுத்தவரு தனியா ஒரு பில்லு அனுப்பி ஒரு வருசம் உசுர எடுத்தாரு. ஆனா ரோட்டுல ஓடற ஆம்புலன்சுக்கு அந்தச் சட்டம் செல்லாது, ஹெலிகாப்டருக்குச் செல்லும், கூத்தப் பாருங்க. ஆம்புலன்ஸ் பில்லு பெருசா வந்தா கம்பெனிக்கே போன் போட்டு கொறைச்சுக் குடுங்க, மாசாமாசம் கட்டறேன்னு கேளுங்க. ஊர்ல 108 ஆம்புலன்சுக்கு ஒரு பைசா குடுக்க வேண்டியதில்ல, அதுக்கே சைரன் சரியில்லைனு கொறை பேசுவோம்.

இனி சொல்றதுதான் முக்கியம். அந்த ஆறு கவர்ல ஒண்ணு, அடிபட்டது எப்படி, எங்க, வேற யாராச்சும் காரணமான்னு கேட்டு இன்சூரன்ஸ்ல இருந்து ஒரு ஃபாரம் வந்திருக்கும், வரலீன்னா இனி வரும். சாம்பல் கலர் பேப்பர், பார்க்க விளம்பரமாட்டவே இருக்கும். நான் அதை பீட்சா கூப்பனோட ஒட்டுக்கா குப்பையில போட்டுட்டேன். ரெண்டாவதும் வந்துச்சு, அதையும் போட்டேன். மூணாவது மாசம் மொத்த கிளைமையும் நிறுத்தி வெச்சுட்டான், 11,400 டாலர் நீயே கட்டுன்னு லெட்டர். எனக்குப் பொக்குனு போயிருச்சு. புராஜெக்ட் இல்லாம என்னை பெஞ்சுல ஒக்கார வெச்சிருந்த கன்சல்டன்சி கம்பெனிகிட்ட கேட்டா, இன்சூரன்சைக் கேளுங்கறான் (பிளான் எடுத்ததே அவன், உள்ளதுலயே சீப்பானது). கடைசில நானே போன் போட்டு நாப்பது நிமிசம் பாட்டு கேட்டு காத்திருந்து பேசுனா, அந்தப் பொண்ணு சொல்லுது, ஃபாரத்த மட்டும் நெரப்பி அனுப்புங்க சார்னு. நானாத்தான் சைக்கிளைக் குழியில விட்டு விழுந்தேன், யாரும் காரணமில்லைன்னு ரெண்டு வரி எழுதுனேன். திரும்பக் கணக்குப் போட்டு என் பங்கு 1,900 ஆச்சு. ரெண்டு வரிக்கு வந்த கெரகம் அத்தனையும்.

உங்களுக்குக் கார்க்காரன் இருக்கான், அதனால ஃபாரத்துல உள்ளதை உள்ளபடி எழுதுங்க, போலீஸ் ரிப்போர்ட் நம்பரையும் சேர்த்து. பெரும்பாலும் உங்க இன்சூரன்ஸ் மொதல்ல கட்டிட்டு அவன் கார் இன்சூரன்ஸ்ல வசூல் பண்ணிக்கும். இதுக்கு நடுவுல அவன் இன்சூரன்ஸ்ல இருந்து ரொம்பத் தேனாப் பேசி ஒருத்தர் கூப்பிடுவாரு, ரெக்கார்டு பண்ணிக்கலாமாம்பாரு, ஒரு சின்ன செக்கும், இனி எதுவும் கேக்க மாட்டேன்னு எழுதுன ரிலீஸ் பேப்பரும் அனுப்புவாரு. கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சுது, நாளைக்கு தோள்ல பிளேட்டு வைக்கணும்னாலும் அவன்கிட்ட போக முடியாது. நெறைய யுனிவர்சிட்டில ஸ்டூடண்ட் லீகல் சர்வீஸ் இருக்குது, மொதல்ல அங்க போங்க. நீங்க எந்த மாநிலம்னு சொல்லல, கார் இன்சூரன்ஸ் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வெளிய வக்கீல் புடிச்சா பெரும்பாலும் வர்றதுல மூணுல ஒரு பங்கு எடுத்துக்குவாரு.

நம்மாளுங்க ரெண்டு தினுசா யோசனை சொல்லுவாங்க, ரெண்டையும் காதுல வாங்காதீங்க. ஒருத்தன், கட்டாதே, படிச்சு முடிச்சு ஊருக்குப் போயிருன்னுவான். அவன் இருபது வருசமா இங்கயே வீடு கட்டி உக்காந்திருப்பான். இன்னொருத்தன், கிரெடிட் ஸ்கோர் போயிரும், ராத்திரியே கார்டுல தேய்ச்சிருன்னு பயமுறுத்துவான். மெடிக்கல் பாக்கி வசூலுக்குப் போனாலும் ஒரு வருசம் ரிப்போர்ட்ல ஏறாதுன்னு 2022ல இருந்தும், 500 டாலருக்குக் கீழ ஏறவே ஏறாதுன்னு 2023ல இருந்தும் மூணு கிரெடிட் கம்பெனியும் வெச்சிருக்காங்க. கார்டுல தேய்ச்சீங்கன்னா அது வெறும் கார்டு கடனாயிரும், வட்டி தனி. லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரின்னா கட்ட முடியாதவங்களுக்கு உதவித் திட்டம் வெச்சே ஆகணும்னு சட்டம், மொத பில்லுல இருந்து 240 நாளைக்குள்ள எழுதிக் கேக்கலாம். யாருக்குக் குடுப்பாங்கங்கறது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேற, கேட்டாத்தான் தெரியும். நான் அப்ப கேக்கல. எங்கப்பாரு கைநீட்டாத ஆளு, அந்தப் பரம்பரைக் கவுரவம். வெறும் முட்டாத்தனம்.

ஒரு நோட்டு போடுங்க. எங்கப்பாரு ஈரோடு மஞ்ச மண்டிக்குப் போனா தேதி, மூட்டை, எடை, யாருகிட்டப் பேசுனோம்னு எல்லாம் ஒரு சிவப்பு அட்டை நோட்டுல குறிச்சுக்குவாரு. நானும் அப்படியே, போன் பண்ணுன நேரம், பேசுனவங்க பேரு, ரெஃபரன்ஸ் நம்பர். அப்ப எனக்கு இங்கிலீஷ் பேச நாக்கு பெரளாது, சொல்ல வேண்டியத மொதல்லயே எழுதி வெச்சுக்கிட்டுப் படிப்பேன். இன்னைக்கு ஆபீசுல வெள்ளைக்காரனே அவன் பில்லத் தூக்கிட்டு எங்கிட்ட வர்றான்.

வீட்டுல சொன்னீங்களான்னு எழுதல. நான் சொல்லாமத்தான் இருந்தேன். ஞாயித்துக்கிழமை வெப்கேமரால பேசறப்ப இடது கையை மேசைக்கு அடியில வெச்சுக்குவேன். மூணாவது வாரம் அம்மா, ஏஞ்சாமி, தண்ணி டம்ளரை எந்நேரமும் சோத்துக்கைலயே எடுக்கற, அந்தக் கைக்கு என்னாச்சுன்னு கேட்டுருச்சு. அப்பறம் ஒரே அழுகை, பண்ணாரி அம்மனுக்கு நேந்துக்கிட்டாங்க. செலவு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டாங்க, ஆனதுல பத்துல ஒரு பங்குதான் சொன்னேன். அதுக்கே, அட கெரகமே, கைக்குக் கட்டு கட்டவா, அந்தக் காசுக்கு ஒரு எருமை புடிச்சிருக்கலாமேன்னாங்க.