ஜேஆர் பாஸ் வேண்டாம், தனி டிக்கெட்டே போதும்

டோக்கியோவிலிருந்து பெற்றோருடன் கியோட்டோ போய்வர மட்டும் என்றால் ஏழு நாள் ஜேஆர் பாஸ் (ஜப்பானின் பெரும்பாலான ஜேஆர் ரயில்களில் விருப்பம்போல் பயணிக்க உதவும் சீட்டு) வாங்காதீர்கள். 2023 அக்டோபரில் அதன் விலை 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் போய்வர ஒருவருக்குச் சுமார் 28,000 யென்தான் ஆகும். முன்பதிவில் 'ஈ' வரிசை இருக்கையைக் கேளுங்கள். வானம் தெளிந்திருந்தால் ஃபூஜி மலை அந்தப் பக்கம்தான் தெரியும். அம்மா அதை அவசியம் பார்க்க வேண்டும். பயணப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 செ.மீ.யைத் தாண்டினால், பெரிய பெட்டி வைக்க இடமுள்ள இருக்கையாகப் பதிவு செய்யுங்கள்.

அப்பா ரயிலில் சத்தமாகப் பேசுவாரே என்று நீங்கள் தயங்கலாம். தாழ்ந்த குரலில் பேசினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கைபேசியில் பேசத்தான் இருக்கைகள் உள்ள பகுதிக்கு வெளியே, கதவருகே போக வேண்டும். ஷின்கான்சென்னில் தாராளமாகச் சாப்பிடலாம். நெரிசலான நகர ரயில்களில் வேண்டாம்.