மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்தால் நிறுவனத்துக்கு என்ன லாபம்? கேள்வி பதில்

கேள்வி (முப்பது பேர் வேலை பார்க்கும் பட்டறை உரிமையாளர்): நேராகவே கேட்டுவிடுகிறேன். இதில் கையில் நிற்கும் லாபம் உண்டா, இல்லை நல்ல பேர் வாங்க மட்டும்தானா?

பதில்: உண்டு. முதலாவது, ஆள் நிலைப்பது. ஒருவர் விலகினால் விளம்பரம், நேர்காணல், பயிற்சி, புது ஆளுக்குக் கை பழகும்வரை வீணாகும் பொருள், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பவரின் நேரம் என்று ஐந்து செலவு. உங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்தே இவற்றைக் கூட்டிப் பாருங்கள். தனக்குத் தோதான வேலையிடம் அமைந்தவர் அதைச் சட்டென்று விட்டுப் போகமாட்டார். இரண்டாவது, ஆள் தேடும் வட்டம் விரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள். அத்தனை பேரையும் வாசலிலேயே விலக்கிவிட்டு ‘ஆள் கிடைக்கவில்லை’ என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

அக்சென்சர் என்ற ஆலோசனை நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இந்த விஷயத்தில் முன்னணியில் இருந்த நிறுவனங்களின் வருவாய் மற்றவற்றைவிட 28 சதவீதம் கூடுதலாக இருந்தது. மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் எண் இது. நன்றாக நடக்கும் நிறுவனங்கள்தான் இதையும் நன்றாகச் செய்கின்றன என்றும் இருக்கலாமே. உங்கள் முடிவை அந்த ஒரு எண்ணை நம்பி எடுக்க வேண்டாம்.

கேள்வி (கணக்காளர்): வசதிகள் செய்துதர ஆகும் செலவு லாபத்தைத் தின்றுவிடாதா?

பதில்: மாற்றுத்திறனாளிகளுக்கான வேலையிட வசதிகள் பற்றி ஆலோசனை தரும் அமெரிக்காவின் ஜாப் அகாமடேஷன் நெட்வொர்க் பல வருடங்களாக முதலாளிகளிடம் இதைக் கேட்டுவருகிறது. செய்துதந்த வசதிகளில் ஏறக்குறைய பாதிக்குச் செலவே இல்லை. மீதியில் பெரும்பாலானவை ஒரே முறை ஆகும் செலவு. ஷிஃப்ட் நேரத்தை மாற்றுவது, இருக்கையை இடம் மாற்றுவது, வாய்மொழி உத்தரவை எழுதிக் கொடுப்பது எல்லாம் செலவே இல்லாத வகைதான்.

பணம் வீணாவது, சம்பந்தப்பட்டவரைக் கேட்காமலே சாமான் வாங்கும்போது. பார்வையற்றவர் வருகிறார் என்றதும் விலை உயர்ந்த பிரெய்ல் கருவிக்கு ஆர்டர் போடுவார்கள். வருகிறவருக்குப் பிரெய்லே தெரியாமல் இருக்கலாம். வேலை உறுதியானதும் ‘இந்த வேலையை நீங்கள் எப்படிச் செய்வீர்கள், என்ன தேவை?’ என்று கேளுங்கள். வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி (தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர்): இயந்திரப் பிரிவில் காது கேளாதவரை வைப்பது ஆபத்தில்லையா?

பதில்: அந்தப் பிரிவில் காதடைப்பான் போட்டு நிற்கிறவர்களுக்கு இப்போது எவ்வளவு கேட்கிறது என்று முதலில் பாருங்கள். ஒலியை மட்டும் நம்பிய எச்சரிக்கை அவர்களுக்கும் ஆபத்துதான்.

அபாயச் சங்கோடு மின்னும் விளக்கும் வேண்டும். அதைக் கூடத்தில் மட்டும் மாட்டிவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கமான தவறு. கழிப்பறை, ஓய்வறை, பொருள் கிடங்கு என ஒருவர் தனியாக இருக்கக்கூடிய எல்லா இடத்திலும் வேண்டும். விளக்கு கண்ணில் படாத இடத்துக்கு அதிர்வுப் பேஜர். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதையைத் தரையில் கோடு போட்டுப் பிரித்து, முனைகளில் குவியாடி மாட்டி, வண்டிக்கு முன்னால் தரையில் விழும் நீல ஒளி விளக்கைப் பொருத்துங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் வேறு. பேரிங் தேய்வது, பெல்ட் நழுவுவது போன்றவற்றை ஆபரேட்டர்கள் சத்தத்தை வைத்தே பிடிக்கிறார்கள். அந்த இயந்திரங்களைப் பட்டியலிட்டு, அதிர்வு சென்சாரோ நிறம் மாறும் கோபுர விளக்கோ பொருத்துங்கள். பழுதை முன்கூட்டியே பிடிக்கும் லாபம் எல்லா ஷிஃப்டுக்கும் சேரும்.

கேள்வி (மென்பொருள் நிறுவன எச்.ஆர்.): பார்வையற்ற ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் பில்லிங் மென்பொருளில் அவரால் வேலை செய்ய முடியவில்லை. எங்கே பிசகு?

பதில்: மவுஸைக் கழற்றிவிட்டு, அவர் செய்யவேண்டிய வேலை முழுவதையும் கீபோர்டிலேயே முடிக்க முடிகிறதா என்று நீங்களே பாருங்கள். எங்கே சிக்குகிறீர்களோ அங்கேதான் அவரும் சிக்குவார். பிறகு என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடரை (திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் மென்பொருள்) நிறுவி, திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள்; 2006இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பெயரிடாத ஐகான்களை அது ‘பட்டன், பட்டன்’ என்றே படிக்கும். அதைத் திருத்த வேண்டியவர் உங்கள் டெவலப்பர்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை என்றால், அவர் கணினியில் உள்ள ஸ்க்ரீன் ரீடருக்குத் தொலைவிலுள்ள திரை வெறும் படம். எனவே அந்த முனையிலும் நிறுவ வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் பில்களையும் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள்) வழியாக மாற்றித் தரவேண்டும். ‘சிவப்பில் இருப்பவை பாக்கி’ என்று நிறத்தால் மட்டும் சொல்லும் எக்செல் தாள்களில் ‘பாக்கி’ என்று எழுதிய ஒரு நெடுவரிசையைச் (காலம்) சேருங்கள். நிறக்குருடு உள்ளவர்களுக்கும் உதவும். பார்வை மங்கியவர்கள் இருந்தால் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) இருக்கட்டும்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள விண்ணப்பதாரர்கள் நேர்காணலிலேயே விழுந்துவிடுகிறார்கள். தரத்தைக் குறைக்கவும் மனமில்லை.

பதில்: குறைக்கவே வேண்டாம், அளவுகோலை மாற்றுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்றால் என்ன சொல்கிறார் என்பதெல்லாம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் திறமையைக் காட்டாது. ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுப்பதற்கென்றே டென்மார்க்கில் 2004இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டர்ன் நிறுவனம், பேச்சு நேர்காணலுக்குப் பதில் லெகோ ரோபோக்களைக் கட்டி நிரல் எழுதும் பணிகளைக் கொடுத்துத் திறமையைப் பார்த்தது. ஜெர்மன் மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி, ஆட்டிசம் உள்ளவர்களை எடுக்கும் தன் திட்டத்தை 2013இல் அவர்களோடு சேர்ந்துதான் ஆரம்பித்தது. நீங்கள் நிஜ வேலையின் ஒரு துண்டைக் கொடுங்கள். கேள்விகளை முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள், ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேளுங்கள். எல்லா விண்ணப்பதாரருக்கும் இதே முறையை வைத்தால் வாய்ச்சாலகத்தில் ஏமாறுவதும் குறையும்.

கேள்வி: சக்கர நாற்காலிக்கு ஒரு சாய்தளம் போட்டால் போதுமா?

பதில்: போதாது. சரிவு 1:12, அதாவது 15 செ.மீ. உயரத்துக்கு 180 செ.மீ. நீளம். கதவு 90 செ.மீ. அகலம், திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றிடம், மேசைக்கடியில் முழங்கால் நுழைய சுமார் 70 செ.மீ. உயரம். சாய்தளம் முடியும் இடத்தில் சமதளம் விடாமல் நேராகக் கதவைச் சந்திக்கும்படி கட்டிவிட்டால், கதவைத் திறக்கும்போது நாற்காலி பின்னால் உருளும். அகலமான கழிப்பறையில் துடைப்பமும் அட்டைப்பெட்டியும் குவிந்திருந்தால் செய்த செலவெல்லாம் வீண்.

கேள்வி (மேற்பார்வையாளர்): ‘அவருக்கு மட்டும் சலுகையா’ என்று மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

பதில்: அமெரிக்க மருந்துக்கடை நிறுவனமான வால்கிரீன்ஸ் 2007இல் தென் கரோலினாவின் ஆண்டர்சனில் திறந்த விநியோக மையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே இலக்கு, ஒரே சம்பளம். நீங்களும் இலக்கை எல்லோர் முன்னாலும் ஒன்றாக வையுங்கள். முணுமுணுப்புக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. மருத்துவ விவரத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

கேள்வி: நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர் ஆறாவது மாதத்தில் விலகிவிட்டார். ஏன் இப்படி நடக்கிறது?

பதில்: இரண்டு விஷயங்களை விசாரியுங்கள்: இடையில் மேற்பார்வையாளர் மாறினாரா, மென்பொருளோ வேலையிடமோ மாறியதா? வாய்மொழியாகப் பேசிவைத்த ஏற்பாடு, பேசியவர் மாறியதும் மறைந்துபோகும். என்ன வசதி, யார் பொறுப்பு, எப்போது மறுபடி பார்ப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். 30ஆம் நாளும் 90ஆம் நாளும் அதை எடுத்துப் பேசுங்கள். புது மேற்பார்வையாளர் வந்தால் முதல் வாரத்திலேயே, அந்த ஊழியரும் கூட இருக்க, அந்தப் பக்கத்தைப் புதியவர் கையில் கொடுங்கள்.