குப்பை மேட்டுக் கசிவு கிணற்றுக்கு வருமா?

கேள்வி: கொலன்னாவையில் பழைய குப்பை மேடொன்றிலிருந்து ஏறத்தாழ 300 மீற்றர் தள்ளி, கிணற்று நீரில் வல்லாரையும் கங்குனும் பயிரிடுகிறேன். நீரின் மேல் செம்படலம் மிதக்கிறது. நிலத்தடி நீரோட்டத்தைக் கணினி மாதிரியில் ஆராய்ந்தவர்கள், கசிவு இங்கு வர 10 ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: முதலில் அந்தப் படலத்தை ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து விலகி நின்றால் அது பெரும்பாலும் இரும்புப் பற்றீரியாவின் வேலை. கீறிய இடம் உடனே மூடிக்கொண்டால் எண்ணெய். நம் கபுக் மண்ணில் (செம்பூரான் கல் மண்) இயல்பாகவே இரும்பு மிகுதி என்பதால், செந்நிறத்தை மட்டும் வைத்துக் குப்பை மேட்டைக் குற்றஞ்சாட்ட முடியாது.

அந்த 10 ஆண்டுக் கணக்கின் அடிப்படை, மண்ணூடாக நீர் எவ்வளவு விரைவாக ஓடும் என்பதைக் கணிக்க, பிரெஞ்சுப் பொறியியலாளர் தார்சி 1856இல் வெளியிட்ட விதி. மண்ணின் நீர்கடத்துதிறன் நாளுக்கு 2 மீற்றர், நீர்மட்டச் சரிவு 100 மீற்றருக்கு 1 மீற்றர், நீரோடும் துளைப்பங்கு (மண்ணின் கனவளவில் நீர் ஓடக்கூடிய இடைவெளியின் பங்கு) 0.25 என்று கொண்டால், நீர் நாளொன்றுக்கு 8 சென்ரிமீற்றர் நகரும்; 300 மீற்றரைக் கடக்கப் 10 ஆண்டுகளுக்குச் சற்று மேலாகும். கணக்கில் பிழையில்லை. ஆனால் கபுக்கினுள் வேர்த்தடம் போன்ற துவாரங்கள் ஓடுகின்றன. அவற்றின் வழியே நீர் பல மடங்கு விரைந்து செல்லலாம். சதுப்பையொட்டிய தட்டை நிலத்தில், மழைக்காலத்தில் கால்வாய் நிரம்பும்போது நீரோட்டத்தின் திசையே மாறக்கூடும். நீங்கள் நாள்தோறும் மோட்டரால் இறைப்பதும் நீரை உங்கள் பக்கம் இழுக்கும். அதோடு, கொட்டுவதை நிறுத்தினாலும் கசிவு பல ஆண்டுகள் தொடரும். எனவே எந்தப் பருவத்து அளவீட்டை வைத்து மாதிரியை அமைத்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

நீங்களே செய்யக்கூடியதும் உண்டு. ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளின் கட்டு உயரங்களை, மேசன்மார் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயால் ஒப்பிட்டுக்கொண்டு, கட்டிலிருந்து நீர் வரையான ஆழத்தைப் பெப்ரவரியிலும் நவம்பரிலும் ஒரே நாளில், இறைப்பதற்கு முன் அளந்தால், நீர் எப்பக்கம் சரிகிறது என்பது தெரியும். பரிசோதனைக்குக் கொடுக்கும்போது குளோரைட்டு, அமோனியா, மின்கடத்துதிறன் மூன்றையும் கேளுங்கள். குளோரைட்டு மண்ணில் ஒட்டாமல் நீரோடு ஓடுவதால் அதுவே முன்னதாக வந்துசேரும். ஈயமும் கட்மியமும் களியில் ஒட்டிப் பின்தங்கும். மேட்டிலிருந்து விலகிய ஒரு கிணற்று நீரையும் ஒப்பீட்டுக்காகக் கொடுங்கள்.

முடிவு வரும்வரை, பச்சையாகச் சம்பல் போட்டு உண்ணும் வல்லாரைக்கு இந்தக் கிணற்று நீரைப் பாய்ச்ச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கங்குனும் உலோகங்களை உறிஞ்சிச் சேர்க்கும் கீரை. அந்தப் பாத்தியில் இப்போதைக்குப் பூச்செடி வையுங்கள்.